பதில் வராத புகார்கள்

ஊற்றில் தீராத புகார் ஒன்றுகூடக் கிடையாது என்று ஒன்பது வருடம் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். எங்கள் குழுவில் புதிதாக யார் சேர்ந்தாலும் முதலில் எங்கள் இணையதளத்தின் புகார்ப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுவேன். நிலுவையில் உள்ள புகார்கள்: பூஜ்யம். பெரிய பெரிய கம்பெனிகளுக்கே வாய்க்காத பூஜ்யம் அது.

ஊற்று என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் டயாலிசிஸ் மெஷினுக்குள் ஓடுகிற இயங்குதளம் அது. அந்த மெஷினைச் செய்த கம்பெனி ஒரு வெள்ளிக்கிழமை கடையைக் கட்டியது. அவர்களுடைய சர்வர் நின்றதுதான் தாமதம், ஆயிரக்கணக்கான வீடுகளில் மெஷின்கள் ‘உரிமத்தைச் சரிபார்க்க இயலவில்லை’ என்று திரையில் எழுதிவிட்டுக் கல்லாய்ச் சமைந்துவிட்டன. சிறுநீரகம் செத்துப்போனவனுக்கு இரண்டு முறை டயாலிசிஸ் தவறினால் மூச்சு முட்டும். எனக்குத் தெரியும். என்னுடைய இரண்டும் செத்துப்போனவைதான்.

அப்போது மெஷினைப் பிரித்துப்போட்டு, கம்பெனியின் மென்பொருளைத் துடைத்தெறிந்து, புதிதாக ஒன்றை எழுதிய ஒன்பது பேரில் நானும் ஒருவன். எழுதியதை ஊருக்குப் பொதுவில் வைத்தோம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், படிக்கலாம், திருத்தலாம். பழைய இரும்புக் கடையில் கிடக்கும் கணினிச் சில்லில்கூட ஓடும். பாதியில் உறைந்து நிற்காது. யாரையும் வேவு பார்க்காது. யார் வீட்டில் ஓடுகிறது என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. வீட்டுக்காரர் தன் கையால் ஆணை கொடுக்காமல் அதில் ஓர் எழுத்து மாறாது. மறுபடி எந்தக் கம்பெனிக்காரனும் எங்கள் கழுத்தைப் பிடிக்கக் கூடாது என்பதில் அவ்வளவு வெறி எங்களுக்கு.

பழகுவதற்குக் கடினம் என்று சொல்வார்கள். உண்மைதான். கறுப்புத் திரை, ஆங்கில எழுத்தில் ஆணைகள், நானூற்றுப் பன்னிரண்டு பக்கக் கையேடு. அந்தக் கையேட்டை எழுதியவன் நான். நிறுத்துவதற்குப் பொத்தான்கூடக் கிடையாது. அதற்கும் ஓர் ஆணை உண்டு. எதைச் சொன்னாலும் ‘நிச்சயமாகவா?’ என்று திருப்பிக் கேட்காது. அப்படிக் கேட்பது மனிதனை முட்டாளாக நடத்துவது என்று நாங்கள் நினைத்தோம். படித்துவிட்டு வா, வந்தால் நீதான் ராஜா. இதுதான் எங்கள் கொள்கை, அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

ஜெயக்கொடி என் வீட்டுக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு. நாற்பது வயது இருக்கும். கண்ணில் வெயில் பட்டுப் பட்டுச் சுருங்கிய பார்வை. கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு.

“ஊத்துல பொகார மூடுத மாசிலாமணி நீங்கதானா?”

“ஆமா. நீங்க?”

“ஆறுமுகநேரி. உப்பளத்துல மூட்ட எட போடுதேன். எங்க வீட்டுக்காரரு சுடலைமணிக்கு ஆறு வருசமா ஊத்துதான் ஓடுது. நான் போட்ட பொகார மூணு தடவ மூடிட்டீங்க அண்ணாச்சி.”

எனக்கு நினைவு வந்தது. எரிச்சலும் கூடவே வந்தது. வீடு தேடி வருகிற பழக்கத்துக்கு எங்கள் குழுவில் இடமில்லை. ஆனாலும் பஸ் பிடித்து வந்தவளை வாசலிலேயே நிறுத்த மனம் வரவில்லை. உட்காரச் சொன்னேன். கணினியில் அவளுடைய புகாரைத் திறந்தேன்.

‘மெஷின் தண்ணிய ரொம்ப எடுத்துட்டு. ஆளு மயங்கிட்டாரு. என்னன்னு பாருங்க.’ இவ்வளவுதான் அவள் எழுதியது. அதற்கு நான் எழுதிய முதல் பதில்: ‘பதிவேட்டை இணைக்கவும்.’ மெஷின் தான் செய்வதையெல்லாம் நொடிக்கு நொடி தனக்குள் குறித்துக்கொள்ளும். அதுதான் பதிவேடு. அது இல்லாமல் வருகிற புகாரை நாங்கள் தொடுவதில்லை. ஆளாளுக்கு வாயால் சொல்வதை நம்பி மென்பொருளைத் திருத்தினால் உருப்படுமா?

அவள் இரண்டாம் முறை எழுதியிருந்தாள்: ‘பதிவேடு இல்ல. பயத்துல பேட்டரியக் கழட்டிட்டோம்.’ நான்: ‘பேட்டரியைக் கழற்றினால் பதிவேடு அழிந்துவிடும். இனி எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். கையேடு, பக்கம் 31.’ மூன்றாம் முறைக்கு என் பதில் இன்னும் சின்னது: ‘என் மெஷினில் சரியாகத்தான் ஓடுகிறது. மூடப்படுகிறது.’

பொய்யில்லை. என் மெஷின் பக்கத்து அறையில்தான் இருந்தது. ஒன்பது வருடமாக என் உயிரைத் தாங்கிக்கொண்டு சரியாகத்தான் ஓடியது.

“பதிவேடு கொண்டாந்திருக்கீங்களா?”

“இதக் கொண்டாந்திருக்கேன்” என்று நோட்டை நீட்டினாள்.

தேதி, டயாலிசிஸுக்குப் படுக்கும் முன் எடை, எழுந்த பின் எடை. ஒருநாள் விட்டு ஒருநாள், கோடு போட்டு, பென்சிலில். எல்லா வரியிலும் வித்தியாசம் இரண்டு கிலோ. மூட்டை எடை போடுகிறவளின் கை, நூறு கிராம் பிசகில்லை. ஒரே ஒரு வரியில் மட்டும் மூன்று கிலோ எழுநூறு. அதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள்.

“தராசு தப்பா இருக்கலாம்” என்றேன்.

“தராசுதான் அண்ணாச்சி எனக்குச் சோறு போடுது. அது தப்பில்ல. அன்னைக்கு பக்கத்து வீட்டு நர்சு உப்புத் தண்ணி ஏத்துனதால பொழச்சாரு. டாக்டருட்ட கேட்டா, கிட்னி போனவருக்கு இதயமும் அப்பிடித்தான் இருக்கும்னுட்டாரு.” அவள் நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “அதுக்கு முன்னாடி பெரிய புயல் வந்து மூணு நாளு கரண்டு இல்லாம மெஷினு தன்னால நின்னு மறுபடி ஓடுச்சு. அதுல இருந்து எண்ணுனா அம்பதாவது நாளு விழுந்தாரு. இப்பவும் அம்பது நாளு வரப்போவுது. அதான் ஓடியாந்தேன். அவரு போயிட்டா எனக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. இத நீங்க பாத்துத்தான் ஆவணும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஐம்பது நாளைக்கு ஒருமுறை வருகிற கோளாறாம். ஜாதகம் பார்ப்பதுபோல் இருக்கிறதே என்று நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. “உங்க மெஷின நீங்க எப்ப அணைச்சீங்க?”

“ஞாயித்துக்கெழம. வாராவாரம் அணைப்பேன். புதுசா எழுதுனத ஏத்திப் பாக்கணும்லா.”

“கையேட்டுல அணைக்கவே கூடாதுன்னு போட்டிருக்கு. அணைச்சா உள்ள தண்ணி தேங்கி கிருமி புடிக்கும்னு.”

“அது உங்களுக்கு” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. எங்கள் ஒன்பது பேரிடமும் மெஷின் உண்டு. சோதிப்பது அதில்தான். வாரம் ஒருமுறையாவது அணைக்காதவர் எங்களில் யாருமில்லை. ஐம்பது நாள் தொடர்ந்து ஓடுகிற ஊற்றை எங்களில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. அதைப் பார்க்கிறவர்கள், கையேட்டில் சொன்னபடி நடந்துகொள்கிறவர்கள் மட்டும்தான்.

கணினிப் பக்கம் திரும்பினேன். எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டால் அரை மணி நேர வேலை. மெஷினுக்குள் ஒரு கடிகாரம், மெஷின் விழித்ததிலிருந்து நொடியை ஆயிரம் துண்டாக நறுக்கி எண்ணிக்கொண்டே போகும். அதற்கு ஒதுக்கிய இடம் நிரம்பினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நிரம்ப நாற்பத்தொன்பது நாளும் பதினேழு மணி நேரமும் மூன்று நிமிடமும் ஆகும். அந்த வரியை எழுதியது யார் என்று பார்த்தேன். நான்தான்.

“பூஜ்யம் ஆனா என்ன ஆவும்?” என்று கேட்டாள் ஜெயக்கொடி.

“அந்த நேரம் ஆளு படுத்திருக்கலன்னா ஒண்ணும் ஆவாது. படுத்திருந்தா...” எப்படிச் சொல்வதென்று யோசித்தேன். “ரெண்டு லிட்டரு தண்ணிய நாலு மணி நேரத்துல எடுக்கணும்னு வைங்க. ஒன்றரை லிட்டரு எடுத்திருக்கும். திடீர்னு அது எடுத்ததெல்லாம் மறந்து போயிரும். இன்னும் ரெண்டு லிட்டரும் பாக்கி கெடக்கு, நேரமோ கொஞ்சம்தான் இருக்குன்னு நெனைச்சு பம்ப முழு வேகத்துல ஓட்டும்.”

“மணி அடிக்காதா?”

“எவ்வளவு வேகத்துல எடுத்தா மணி அடிக்கணும்னு நீங்கதான் ஆணை கொடுத்து வைக்கணும். பக்கம் இருநூத்தி ஆறு.”

அந்தப் பக்கம் வரைக்கும் அவள் வந்திருக்க மாட்டாள் என்பது எனக்கும் தெரியும்.

எதற்கோ பழைய புகார்களைத் திறந்தேன். மயக்கம், எடை, நினைவில்லை என்கிற சொற்களைப் போட்டுத் தேடினேன். எழுபத்து மூன்று வந்தன. எல்லாவற்றிலும் ஒரே கதை. கேள்வி, அதன் கீழே எங்களில் ஒருவர் எழுதிய ‘பதிவேட்டை இணைக்கவும்’, அதன் கீழே ஒன்றுமில்லை. பதினாலு நாள் பதில் வராவிட்டால் புகார் தானாக மூடிக்கொள்ளும்படி ஒரு நிரல் எழுதி வைத்திருந்தோம். ‘பதில் இல்லை. தீர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது.’

“இவுகல்லாம் ஏன் திருப்பி எழுதல?” ஜெயக்கொடி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

“சனங்க அப்படித்தாம்மா. காரியம் ஆயிட்டா நமக்கு ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க.”

“நான் ஏன் திருப்பி எழுதுனேன் தெரியுமா?” என்றாள். “எங்க வீட்டுக்காரரு பொழச்சிட்டாரு.”

சுவர்க்கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. புகாரில் தொலைபேசி எண் எழுதக் கூடாது என்பது எங்கள் விதி, எழுதினால் அழித்துவிடுவோம். இரண்டு பேருடையது எங்கள் கண்ணுக்குத் தப்பியிருந்தது. முதல் எண்ணை நான் அழைத்தேன். ஓர் ஆண் குரல். பெயரைச் சொல்லிக் கேட்டேன். “என் தங்கச்சிதாங்க. எறந்து ரெண்டு வருசமாச்சு. நீங்க யாரு?” நான் துண்டித்துவிட்டேன்.

இரண்டாவது எண்ணை ஜெயக்கொடி தன் போனிலிருந்து அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண், கரூர்ப் பக்கத்துப் பேச்சு.

“அப்பா தவறி ஏழு மாசம் ஆச்சுங்க. மொதல்ல மயங்கி ஒன்றரை மாசங் கழிச்சுத்தான் பொகார் எழுதினோம். மறுக்காப் படுத்தவரு எந்திரிக்கவே இல்ல. டாக்டரு ஆர்ட்டுன்னாரு.”

“மெஷினு?”

“அதச் சும்மா வெச்சிருந்து என்னங்க பண்றது? ஒரு டீச்சரம்மா வந்து எடுத்துட்டுப் போனாங்க. அணைக்காமயே பேட்டரியோட வண்டில ஏத்துனோம். அணைக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டே இருப்பாருங்க.”

டீச்சரம்மா எந்த ஊர் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. கைமாறியபோது ஓடிக்கொண்டிருந்த மெஷின் இப்போது எத்தனையாவது நாளில் இருக்கிறதோ, அதுவும் யாருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரியவே கூடாது என்றுதானே அதை அப்படிக் கட்டினோம்.

ஜெயக்கொடி போனை வைத்தாள். முகம் வெளுத்திருந்தாலும் கணக்கில் தெளிவாக இருந்தாள். “எங்களுக்கு இன்னையோட நாப்பத்தெட்டு நாளு ஆச்சு. இன்னும் ரெண்டு நாளு கெடக்கு. அதுக்குள்ள அணைச்சுப் போட்டாப் போதும்லா?”

“போதும். சாயந்திரமே போய் அணைச்சிருங்க. எப்படீன்னு எழுதித் தாரேன்.” எனக்கும் மூச்சு சீரானது. பேனாவை எடுத்தபடி, சும்மாதான் கேட்டேன். “நாப்பத்தெட்டுன்னு எதுல இருந்து எண்ணுதீங்க?”

“அவரு ரெண்டு நாளு ஆஸ்பத்திரில கெடந்துட்டு வந்து, வீட்ல மொதல்ல படுத்தாருல்லா, அன்னைல இருந்து.”

“மெஷின ஓட விட்டது என்னைக்கு?”

“அது அவரு விழுந்த அன்னைக்கே. பேட்டரியக் கழட்டுன மதினி, ஐயையோ கழட்டக் கூடாதாமேன்னு அன்னைக்கு வெளக்கு வைக்கிற நேரமே திருப்பி மாட்டிட்டாவ.”

“ஆறு மணி இருக்குமா?”

“ஆறே கால்.”

ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு நாளைக் கூட்டினேன். விரல் விட்டு எண்ணினேன். மெஷினின் கடிகாரம் பூஜ்யமாகும் நேரம் இன்றைக்கு, காலை பதினொன்று பதினெட்டு. சுவரில் மணி பதினொன்று இருபத்தைந்து.

“இன்னைக்கு அவுகளுக்கு முறையா?”

“எட்டு மணிக்கே படுத்தாச்சு. மதினி பக்கத்துல இருக்காவ” என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எதுவும் கேட்காமல் வீட்டுக்குப் போன் போட்டு அதையும் ஸ்பீக்கரில் வைத்தாள்.

எதிர்முனையில் அவள் கணவனின் அக்கா பேச்சியம்மா. குரலைத் தாழ்த்திப் பேசினாள். “மெதுவாப் பேசுட்டி. காலைல இருந்து பொலம்பிக்கிட்டே கெடந்தான். இப்பத்தான் ஒரு அஞ்சு நிமிசமா அசந்து தூங்குதான்.”

நான் போனைப் பிடுங்கினேன். “அம்மா, நான் ஊத்து எழுதுனவன் பேசுதேன். கீபோர்டு எங்க இருக்கு? நான் சொல்லுத எழுத்த அமுக்குங்க. மொதல்ல எச்.”

“எனக்கு இங்கிலீசு தெரியாதே சாமி.”

“ஏணி மாதிரி இருக்கும். நடுவுல ஒரே ஒரு படி. பாத்தீங்களா? அடுத்தது கூடாரம் மாதிரி...”

மொத்தம் பத்தொன்பது எழுத்து. நிறுத்துவதற்கு வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. பேட்டரியைப் பிடுங்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் பேட்டரியைப் பிடுங்கினால் பதிவேடு அழிந்துவிடும். பதிவேடு இல்லாமல் போய் நின்றால் மற்ற எட்டுப் பேரும் என்னையே நம்ப மாட்டார்கள். நான் வகுத்துக் கொடுத்த விதிதான். எழுபத்து மூன்று பேரிடம் கேட்டும் கிடைக்காத அந்தப் பதிவேடு, அந்த நிமிடம், ஆறுமுகநேரியில் ஒரு வீட்டில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அது வேண்டியிருந்தது. இதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஏழாவது எழுத்தில் இருந்தோம். பேச்சியம்மா தப்பாக எதையோ அமுக்கிவிட்டாள். அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொன்னேன்.

“என்ன எழுதச் சொல்லுதீங்க?” என்றாள் ஜெயக்கொடி.

“நிறுத்துத ஆணை. இப்படி நிறுத்தினாத்தான் பதிவேடு...”

அவள் என் கையிலிருந்து போனை வாங்கினாள். “மதினி, அத விட்டுருங்க. பேட்டரியப் பிடுங்குங்க.”

“நீதான மூடில திருகாணி போட்டு முறுக்கி வச்சிருக்க, கழட்டிரக் கூடாதுன்னு.”

“அப்பம் அவுக கைக்குப் போற குழாயப் பாருங்க. நீலக் கிளிப்பு ரெண்டு இருக்குல்லா? ரெண்டையும் அழுத்திப் பூட்டுங்க.”

“பூட்டிட்டேன். மெஷினு கத்துதுட்டி.”

“கத்தட்டும். அவுகள எழுப்புங்க.”

மணி பதினொன்று முப்பத்தொன்று. பேச்சியம்மா தம்பியைக் கூப்பிடுவது கேட்டது. ‘ஏ சுடலை’ என்று முதலில் மெதுவாக. பிறகு சத்தமாக. பிறகு கன்னத்தில் தட்டுகிற சத்தம். ஜெயக்கொடி போனைக் கையில் பிடித்தபடியே நோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுடலைமணி அதன் பிறகு எழவே இல்லை.

பதிவேடு கிடைத்தது. கிளிப்பைப் பூட்டினாலும் அது அழியாமல் இருக்கும் என்பது அந்த ஆறு நிமிடத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. எட்டுப் பேரும் ஒரு மணி நேரத்தில் ஒப்புக்கொண்டார்கள். திருத்தம் ஒரே ஒரு வரி. அன்று மாலையே பொதுவில் வைத்துவிட்டோம். மூன்று வாரம் ஆகிறது. பதினோராயிரம் மெஷின்களில் ஓடுவதாக நாங்கள் நினைக்கிற ஊற்றில், எங்கள் இணையதளத்திலிருந்து அந்த வரியை இறக்கிக்கொண்டவர்கள் நூற்று நாற்பது பேர். மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தை அவர்கள் படிப்பதும் இல்லை. அதனால்தான் பத்திரிகையில் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டிலோ, தெரிந்தவர் வீட்டிலோ இந்த மெஷின் இருந்தால், ஆள் படுக்காத நேரத்தில் இன்றைக்கே அணைத்து ஓட விடுங்கள். சுவரில் இருக்கும் வயரைப் பிடுங்குங்கள். பின்பக்க மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்றுங்கள். நூறு எண்ணுங்கள். இரண்டையும் திரும்ப மாட்டுங்கள். சுத்தம் செய்கிற மருந்துத் தண்ணீர் இரண்டு முறை ஓடி முடிந்த பிறகு ஆளைப் படுக்க வையுங்கள். மாதம் ஒருமுறை இப்படிச் செய்யுங்கள். ஆள் படுத்திருக்கும்போது முகம் வெளுத்து, கூப்பிட்டால் முனகினால், நீலக் கிளிப்பு இரண்டையும் முதலில் பூட்டுங்கள். இதற்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. எதையும் எழுத வேண்டியதில்லை.

புரியாவிட்டால் என் வீட்டுக்கு வாருங்கள். தூத்துக்குடி, சங்குக்கூடத் தெரு, கடைசி வீடு, மாசிலாமணி என்று கேட்டால் காட்டுவார்கள். வெறுங்கையோடு வந்தால் போதும்.